ஸ்விஃப்டைத் திட்டிய என் அம்மா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நையாண்டி எழுதுகிறவர்களால் ஏழைக்கு ஒரு பிடி அரிசியாவது கிடைத்ததா என்று ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தீர்கள். கேள்வி சரிதான். ஆனால் வறுமையை நையாண்டி செய்வதையும் ஏழையைக் கிண்டல் பண்ணுவதையும் கட்டுரை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டது.

என் மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். அயர்லாந்தின் வறுமையைப் பற்றி அந்த நாட்டு எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-ல் பேர் போடாமல் வெளியிட்ட 'எ மாடஸ்ட் ப்ரபோசல்' ('ஒரு பணிவான யோசனை') என்ற கட்டுரை அவளுக்குப் பாடம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். என் அம்மா காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் விற்றவர். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தெருவில் பிச்சையெடுக்கும் தாய்களுக்காக அந்த ஆள் வருத்தப்படுவதைக் கேட்டு "நல்ல மனுசன்" என்றார். வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன என்று அவர் கணக்குப் போட்டதற்கும் தலையாட்டினார். அந்தக் குழந்தைகளை ஒரு வயசில் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு விற்றுவிடலாம் என்றதும்தான் "அடப்பாவி, அவன் வெளங்குவானா!" என்று கத்தினார். ஸ்விஃப்டோ குரலே உயர்த்தாமல் போகிறார்: வளர்க்கிற செலவு கந்தல் துணியும் சேர்த்து 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு லாபம் 8. முதல், லாபம் என்று கூறு கட்டி விற்கிறவர் பேசுகிற அதே பேச்சு. அம்மா வாயடைத்துப்போனார். பெற்றவர்களை ஏற்கெனவே தின்று தீர்த்த நிலச்சுவான்தார்களுக்குத்தான் பிள்ளைகள் மேலும் முதல் உரிமை என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஓஹோ, அவனுங்களத்தான் திட்றானா" என்றார். பாடம் நடத்த ஆள் தேவைப்படவில்லை.

ஸ்விஃப்ட் முதலில் நம்மைத் தலையாட்ட வைக்கிறார், அப்புறம் அந்தத் தலையை வைத்தே மாட்டிவிடுகிறார். உண்மையான வழிகளையும் சொல்லாமல் விடவில்லை. வெளியூரில் உட்கார்ந்து வாடகை தின்கிறவனுக்கு வரி போடுங்கள், உள்ளூர்ச் சரக்கை வாங்குங்கள் என்பதையெல்லாம் "இதை என்னிடம் பேசாதீர்கள்" என்று சொல்லிச் சொல்லியே வரிசையாக எழுதிவிடுகிறார். அந்தக் கணக்குக் குரல் எனக்குப் பழக்கமானது. எங்கள் பக்கத்துத் தெருவைக் காலி செய்யச் சொல்ல வந்தவர் இத்தனை குடும்பம், இத்தனை சதுர அடி, இத்தனை பயனாளி என்று படித்துக்கொண்டே போனார், ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இந்த மாதிரி நையாண்டி நம்மிடமும் இருக்கிறது. நாகையில் காத்தான் சத்திரத்தில் அரிசி வருவதற்கே பொழுது சாய்ந்துவிடும், இலையில் ஒரு அகப்பைச் சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்று பாடினார் காளமேகப் புலவர். உதை விழுந்தது சத்திரக்காரனுக்கு, பசித்தவனுக்கு இல்லை. (காத்தான் வருத்தப்பட்டதும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக வேறு அர்த்தம் சொன்னாராம். பாவம், அவருக்கும் வயிறு இருந்ததே.)

இப்போது வருகிற காமெடிகளில் வடசென்னை என்றால் ஒரு லுங்கி, ஒரு கத்தி, எங்கள் பேச்சை இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினால் முடிந்தது. அதில் சத்திரக்காரன் எங்கே? அதையும் ஸ்விஃப்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு நையாண்டியால் என்ன பயன் என்று கேட்டால் எப்படி?

முடிந்தால் ஸ்விஃப்டின் அந்தக் கட்டுரையைத் தமிழில் போடுங்கள். மேலே 'இது நையாண்டி' என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள்.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை