பேசும் பேனைக்கு எங்கள் ஆசிரியர்களின் குரல் வேண்டி மனு

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயம்.

அனுப்புநர்:
பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் பெற்றோரும், படுவான்கரை.
(பாடசாலையின் பெயரும் கையொப்பங்களும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பொருள்: ஆரம்பப் பிரிவு மாணவருக்கு டிஜிட்டல் பேசும் பேனைகளை எமது பாடநூல்களுக்கு ஏற்றவாறு பரீட்சார்த்தமாக வழங்கக் கோரல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

படத்தையோ சொல்லையோ தொட்டதும் அதை வாசித்துக் காட்டும் டிஜிட்டல் பேனைகளை, படுவான்கரையின் சிறிய பாடசாலைகள் சிலவற்றில் ஒரு தவணைக்குப் பயன்படுத்திப் பார்க்க ஒழுங்கு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பேனை வாங்குவது பெரிய காரியமில்லை. அதற்குள் எமது பாடநூலும் எமது ஆசிரியர்களின் குரலும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தங்களிடம் வருகிறோம்.

எமது பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரைதான் உண்டு. அரைச்சுவருக்கு இப்பால் தரம் 2, அப்பால் தரம் 4. இரண்டையும் பார்ப்பது ஒரே ரீச்சர். அவர் ஒரு பக்கம் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மறுபக்கத்துப் பிள்ளைகள் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் தனி ஆசிரியர் இல்லை. தரம் 3 இல் ஆங்கிலப் பாடநூல் கைக்கு வருகிறது, ஆனால் அதில் உள்ள சொற்களை ஒருவர் உச்சரிக்கக் கேட்காமலே பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். வீட்டிலும் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. தாய் மத்திய கிழக்கில் வேலை, தகப்பன் வயலில், பிள்ளை அம்மம்மாவோடு என்றிருக்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. அம்மம்மா கதை சொல்லுவார். ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவது எப்படி?

இந்தப் பேனை வேலை செய்யும் விதம் சிக்கலானதல்ல. தாளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். பேனையின் நுனியில் உள்ள சிறு கமெரா அகச்சிவப்பு ஒளியில் அந்தப் புள்ளிகளின் ஒழுங்கைப் படித்து, அது எந்த இலக்கம் என்று கண்டுபிடிக்கும். அந்த இலக்கத்துக்குரிய ஒலியை நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கும். ஒலிகள் உள்ளே பதிந்திருந்தால் பாவிக்கும்போது இணையம் தேவையில்லை. மாரியில் வெள்ளம் வந்து பாதை மூடினாலும், சிக்னல் இல்லாவிட்டாலும் சார்ஜ் இருக்கும்வரை பேசும். ஈ-தக்சலாவ போன்ற இணையப் பாடங்கள் நல்லவைதான். ஆனால் டேட்டா போடக் காசில்லாத வீட்டில் அவற்றால் என்ன பயன்? தவிர, போனைக் கொடுத்தால் பாடம் முடிவதற்குள் பிள்ளை விளையாட்டுக்குத் தாவிவிடும். இங்கே பிள்ளையின் கையில் இருப்பது புத்தகம்தான்.

ஜெர்மனியில் டிப்டோய் என்ற பேசும் பேனை 2010 இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அமெரிக்காவின் லீப்ஃப்ரொக் நிறுவனம் அதற்கு முன்பே இப்படியொரு வாசிப்புப் பேனையைக் கொண்டுவந்தது. எமது ஊருக்கும் வெளிநாட்டு உறவுகள் மூலம் இத்தகைய பேனைகள் ஒன்றிரண்டு வந்துள்ளன. பிள்ளைகள் ஆசையோடு தொட்டுப் பார்த்தார்கள். பனிமனிதனைத் தொட்டால் பனிமனிதன் என்று ஆங்கிலத்தில் சொல்லுகிறது. உன்னிச்சைப் பக்கத்துப் பிள்ளை பனிமனிதனை எங்கே காணப் போகிறது! கொஞ்ச நாளில் பேனை அலுமாரிக்குள் போய்விட்டது. அன்பளிப்பு தந்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எமது பாடத்தோடு ஒட்டாத கருவி எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் முடிவு இதுதான்.

இதற்கு வழி உண்டு. நாமே குரல் பதிந்து, அதற்குரிய ஸ்டிக்கரை விரும்பிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும் வகைப் பேனைகளும் இருக்கின்றன. பார்வையற்றோர் மருந்துப் போத்தலையும் பேணியையும் அடையாளம் காண்பதற்காகப் பிரித்தானியாவில் விற்கப்படும் பென்ஃபிரெண்ட் அப்படிப்பட்டதே. அந்த வகையை எடுத்தால் புதிதாக எதையும் அச்சிட வேண்டாம். வகுப்பறையில் வைத்திருக்கும் ஒரு பிரதியில் ஸ்டிக்கர்களை ஒட்டினால் போதும். வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் ஆங்கிலச் சொற்களையும் சிங்களச் சொற்களையும் தெளிவாகப் பதிந்து தரலாம். தரம் 1 தமிழுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை நன்றாக உச்சரிக்கும் ஆசிரியர்கள் இந்த வலயத்திலேயே தாராளமாக இருக்கிறார்கள். ஆசிரியர் மத்திய நிலையத்தில் அமைதியான ஓர் அறை கிடைத்தால் பதிவு வேலையைத் தொடங்கிவிடலாம்.

ஆகவே, ஆசிரியர் பற்றாக்குறை கூடிய சில பாடசாலைகளைத் தாங்களே தெரிவு செய்து, வகுப்புக்கு இரண்டு பேனை வீதம் வழங்க வேண்டும். இந்தச் செலவுக்கு, கற்றல் கற்பித்தல் பொருட்கள் வாங்கப் பாடசாலைகளுக்குக் கிடைக்கும் ‘தர உள்ளீட்டு’ நிதியைப் பயன்படுத்த முடியுமா என்பதை எழுத்தில் அறியத் தந்தால், முடியாதவிடத்து நன்கொடையாளரை நாம் அணுகுவோம். பெற்றோரிடம் பணம் சேர்க்கும் நிலை மட்டும் வேண்டாம். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்கு உரியவை என்பதால், அவற்றின் வாசகங்களைக் குரலில் பதிவதற்கு அனுமதி தேவையானால் அதையும் தங்கள் அலுவலகம் ஊடாகப் பெற்றுத் தருமாறு வேண்டுகிறோம். பக்கத்து வகுப்புக் குழம்பாமல் இருக்க ஹெட்போன் பொருத்தக்கூடிய பேனையாகவும், வீசியெறியும் பற்றரி இல்லாமல் சார்ஜ் செய்யக்கூடியதாகவும் இருப்பது நல்லது. சார்ஜ் செய்வதையும் இரவில் பூட்டி வைப்பதையும் நாம் பொறுப்பேற்போம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேனை பேசும், பிள்ளை பேசுவதை அது கேட்காது. பிள்ளை பிழையாக உச்சரித்தால் திருத்தவும், சொல்லத் தயங்கினால் தட்டிக் கொடுக்கவும் ரீச்சர்தான் வேண்டும். பேனை வந்துவிட்டது என்று காட்டி எமது ஆங்கில, சிங்கள ஆசிரியர் வெற்றிடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது. அந்தக் கோரிக்கை அப்படியே இருக்கிறது. ஏற்கனவே அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

தவணை முடிவில், பேனை பாவித்த பிள்ளைகளையும் பாவிக்காத பிள்ளைகளையும் கோட்டக் கல்விப் பணிப்பாளர் முன்னிலையில் வாசிக்கச் சொல்லிப் பார்க்கலாம். முன்னேற்றம் தெரியாவிட்டால் பேனைகளை வலயத்திடமே திருப்பி ஒப்படைக்கிறோம். இதுபற்றி நேரில் பேசத் தாங்கள் ஒரு நாளும் நேரமும் ஒதுக்கித் தந்தால், அதிபருடன் பெற்றோர் சிலரும் வந்து சந்திப்போம்.

நன்றி.

இங்ஙனம்,
செயலாளர்,
பாடசாலை அபிவிருத்திச் சங்கம்.

பிரதி: கோட்டக் கல்விப் பணிப்பாளர்; பாடசாலை அதிபர்.