சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாத்த வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சில்லுமூக்கு உடைந்து சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். ஒரு பிள்ளை அவன் தலையை அண்ணாத்திப் பிடிக்க, இன்னொருவன் உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றினான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கு என் அம்மா செய்ததும், நான் பல வருடம் மாணவர்களுக்குச் செய்ததும் அதுதான். தவறான பழக்கம். அண்ணாந்தால் ரத்தம் நிற்பதில்லை, தொண்டைக்குள் இறங்குகிறது. விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி வாந்தியாக வந்தால் பயம் இரட்டிப்பாகும்.

உட்கார வைத்து, தலையைச் சற்று முன்னால் குனியச் சொல்லுங்கள். மூக்கெலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதியை இரண்டு விரலால் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். பிள்ளை வாயால் மூச்சு விடட்டும், வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும். இப்படி முழுசாக 10 நிமிடம். இரண்டாவது நிமிடமே "நின்றுவிட்டதா" என்று கையை எடுக்கத் தோன்றும். எடுத்தால் உறைந்தது கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். அன்று அவன் மூக்கைப் பிடித்தபடி அலுவலக அறைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நகர்வேனா என்றது. பஞ்சு, காகிதம் எதையும் உள்ளே திணிக்காதீர்கள். எடுக்கும்போது புண்ணைக் கிளறும்.

இதற்குக் காரணம் "உடம்புச் சூடு" என்பார்கள். உண்மையில், மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம், மெல்லிய ரத்தக்குழாய்கள் தோலை ஒட்டியே ஓடுகின்றன. வறண்ட காற்றிலும் சளியிலும் அங்கே பொருக்குத் தட்டும். அரிக்கும், பிள்ளை நோண்டும். அவன் வலதுகை ஆள்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தேன்: நீண்ட நகம், இடுக்கில் காய்ந்த ரத்தம். திட்டவில்லை, நகவெட்டி எடுத்தேன். அடிக்கடி உடையும் பிள்ளைகளுக்கு, இரவில் வாஸ்லின் களிம்பு கொஞ்சம் மூக்கின் உள்விளிம்பில் தடவலாம்.

20 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டாலும், தலையில் அடிபட்டு வந்தாலும் 108ஐ அழையுங்கள். காய்ச்சலோடு வந்தால் டெங்குவாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாரம் தவறாமல் வருகிறது, ஈறிலும் கசிகிறது, உடம்பில் காரணமில்லாமல் கன்றிப்போகிறது, குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஒரே பக்க மூக்கில் நாற்றத்தோடு சளி ஒழுகினால் உள்ளே புளியங்கொட்டையோ சிலேட்டுக்குச்சியோ சிக்கியிருக்கலாம். நீங்களாக எடுக்க முயல வேண்டாம்.

இந்தத் தொல்லை உள்ள பிள்ளைகளின் பெற்றோர், சாப்பிடும் மாத்திரை விவரத்தோடு, டைரியில் இரண்டு வரி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பையில் மாற்றுச் சட்டை ஒன்றும் இருக்கட்டும். அன்று அந்தப் பையன் என் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் கணக்குப் பாடம் கேட்டான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்