ஒரே இலட்சியம் கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம், அதிக மதிப்பெண் பெற்ற மாணவர்களிடம் ‘வாழ்க்கை இலட்சியம் என்ன?’ என்று கேட்டு, அந்தப் பதிலையே தலைப்பாக்குவது நாளிதழ்களின் வழக்கமாகிவிட்டது. அதற்கு விடை தெரியாத பிள்ளைகள் தம்மிடம் ஏதோ குறை இருப்பதாகக் கலங்குவதை, ஆசிரியராகப் பணியாற்றிய நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாழ்வின் உறுதிப்பொருள் அறம், பொருள், இன்பம், வீடு என நான்கு என்றுதான் நம் முன்னோர் வகுத்தனர்; ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைக் கைவிடச் சொல்லவில்லை (துறவிகள் விதிவிலக்கு).

சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். தமிழ்த் திரைப்பட வரலாற்றை ஆராய்ந்தவர். காட்டுயிர்களைப் பற்றியும் நாயினங்களைப் பற்றியும் எழுதியவர். இவற்றுள் எது அவருடைய இலட்சியம் என்று கேட்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. அவரளவு சாதிக்காத எம் போன்றோர்க்கும், திருவாசக முற்றோதலுக்குச் செல்வதும், மாடித் தோட்டத்தில் கத்தரி வளர்ப்பதும், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் எந்தப் பெருநோக்கத்துக்கும் படிக்கட்டாக இல்லாமலேயே மனநிறைவைத் தருகின்றன.

குடும்பத்தை வறுமையிலிருந்து மீட்க ஒரே குறியாகப் படிக்கும் மாணவரை நான் குறைசொல்லவில்லை. அவருக்கு அது தேவை. மற்றவர்களிடமாவது, இப்போது எவற்றிலெல்லாம் ஆர்வம் என்று தங்கள் செய்தியாளர்கள் அடுத்த ஆண்டு கேட்கலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.