காயம் ஆற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய காயம் முழுதாக ஆறிவிட்டது. சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கிறது. அதைக் கொடுத்தவர் என் அத்தை. பெற்ற மகனுக்குக் கொடுத்ததற்கு மருமகள் நன்றி சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். அதனால், காயத்தில் தொற்று வந்தபோது கைகொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் டிரெஸ்ஸிங் சிஸ்டர். என் கணவருக்குக் காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. அடிவயிற்றுத் தையலோரம் லேசான சிவப்பு, பஞ்சில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். "ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்குக் காய்ச்சல் வராமலேயே சீழ் பிடிக்கும்" என்று அப்போதே டாக்டரைக் கூப்பிட்டார். அந்தக் கண்ணுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

டாக்டர்கள் கசிவது சீழா, சிறுநீரா என்று பார்த்தார்கள். கசிந்த நீரில், சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தைவிடப் பல மடங்கு இருந்தால் உள்ளே சிறுநீர் ஒழுகுகிறது என்று அர்த்தமாம். நல்லவேளை, அப்படியில்லை. ஸ்கேனிலும் சிறுநீரகத்தைச் சுற்றித் தேக்கம் இல்லை. அப்புறம் தையலைப் பிரித்துக் கழுவி, எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழை அனுப்பினார்கள்.

அதன் பிறகுதான் கஷ்டமான பகுதி. கிருமியை வெல்ல உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அதே சக்தியை அடக்கியும் வைக்க வேண்டும். அப்படி அடக்கும் மருந்துகளில் மைக்கோஃபீனோலேட்டைக் குறைத்தார்கள், டாக்ரோலிமஸை விடவில்லை. காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்து அதன் அளவைக் கவனித்தார்கள். அமிகாசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஒதுக்கிவிட்டு, கல்ச்சர் ரிப்போர்ட் காட்டிய வேறு மருந்தைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் எனக்குப் புரியும்வரை பொறுமையாகச் சொன்னார்கள். நாங்கள் முகமே பார்க்காத அந்த லேப் ஊழியர்களுக்கும் எங்கள் வணக்கம்.

சர்க்கரை ஏறினால் புண் ஆறாது என்று வேளை தவறாமல் இன்சுலின் போட்ட இரவு சிஸ்டர்களுக்கும், காயத்தில் ஸ்பாஞ்ச் வைத்து மெஷினால் உறிஞ்சும் வேக் டிரெஸ்ஸிங்கை மாற்றும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்ட ஆயாம்மாவுக்கும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் காகிதங்களோடு அலைந்த நண்பர்களுக்கும் நன்றி.

கடைசியாக எங்கள் சொந்தக்காரர்கள். பார்க்க வரவேண்டாம் என்று சொன்னபோது யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டருகே சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினீர்கள். இப்போது வீட்டுக்கு வரலாம். சளி, இருமல் இல்லாத நாளாகப் பார்த்து, மாஸ்க் போட்டுக்கொண்டு வாருங்கள். அவர் உங்களையெல்லாம் பார்க்க ஆசையாக இருக்கிறார்.