பெட்டிஷன்ல இருந்து என் மகன் பேர எடுத்துருங்க: ஓல்ட் போய்ஸ் அண்ணன்மாருக்கும் ஸ்போர்ட்ஸ் கொமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணன்மாரே, தம்பிமாரே, கொமிட்டில இருக்க சேர்மாரே.

நான் யார்னு உங்கள்ல பாதிப் பேருக்கு தெரியும். ஹட்டன் டவுன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கவன். ஒரு காலத்துல இதே கொலேஜ் பாஸ்கட்போல் டீம்ல ஆடுனவன், ஆடுனத விட பெஞ்ச்ல குந்துனது தான் அதிகம், அது வேற கதை. இந்த வருசம் சீனியர் டீம் 12 பேர் லிஸ்ட்ல இல்லாம போன அந்த டொப் ஸ்கோரர் பையனோட அப்பாவும் நான் தான்.

ரெண்டு வாரமா வட்ஸ்அப் குரூப்ல ஒரு பெட்டிஷன் சுத்துது. கோச்ச மாத்தணுமாம், என் மகன திரும்ப டீம்ல எடுக்கணுமாம், இல்லாட்டி ஓல்ட் போய்ஸ், அதான் பழைய மாணவங்க, காசு குடுக்க மாட்டாங்களாம். பாசத்துல தான் செஞ்சிருக்கீங்க, விளங்குது, ஆனா அவன் பேர போட முந்தி என்கிட்டயோ அவன்கிட்டயோ ஒருத்தராவது ஒரு போன் கோல் எடுத்து கேட்டிருக்கலாம் தானே. கேட்டிருந்தா வேணாம்னு தான் சொல்லியிருப்பேன். ஏன் வேணாம்னு சொல்லத் தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், டீ ஒன்ன ஊத்திக்கிட்டு உக்காருங்க.

கோச் என்ன டிபென்ஸ் ஆட வைக்கிறார்னு பாக்காம அவர் எடுத்த 12 பேர பத்தி பேசவே ஏலாது. நம்ம ஆளுங்க ஸ்கோர் ஷீட்ட எடுத்து யாரு எத்தன பொயின்ட்ஸ்னு மேல இருந்து கீழ வாசிச்சுட்டு முதல் 12 பேரும் தான் டீம்னு நினைக்கிறீங்க. அப்படி எடுக்குறதுன்னா கோச்சே தேவையில்ல, கல்குலேட்டர் போதும்.

எனக்கு அமெரிக்கா கொலேஜ் பாஸ்கட்போல் பைத்தியம் இருக்கது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மார்ச் மாசம் அவங்க தேசியப் போட்டி வந்தா விடிய எழும்பி போன்ல பாப்பேன், அவங்களுக்கு திங்கக்கிழமை ராத்திரி நடக்குற பைனல் நமக்கு செவ்வாய் காலைல, கடை திறக்க முந்தி. வீட்டுக்காரி திட்டிக்கிட்டே தான் ரொட்டி தருவா. அங்க பாத்ததுல ஒன்னு விளங்கிச்சு, பெரிய கோச் யாரும் நல்ல பிளேயர் யாருன்னு முதல்ல தேடுறதில்ல, தன்னோட டிபென்ஸுக்கு எவன் சரிவருவான்னு தான் தேடுறாங்க.

சிரக்யூஸ் யுனிவர்சிட்டில ஜிம் போஹைம்னு ஒருத்தர் 1976ல இருந்து 2023 வரைக்கும் 47 சீசன் கோச்சா இருந்தாரு. அவர் பேர் போனதே 2-3 சோன் டிபென்ஸுக்கு, முன்னுக்கு ரெண்டு பேர் பின்னுக்கு மூணு பேர், ஆளுக்கு ஆள் காக்காம இடத்த காக்குறது. அதுக்கு என்ன வேணும், நீளமான கை. அதனால அவர் நெட்டையா கை நீண்ட பையன்களா தேடி எடுத்தாரு. 2003 பைனல்ல கான்சஸ் கடைசி செகண்டுல மட்ச்ச சமன் பண்ண ஒரு த்ரீ பொயின்டர் எறியுறாங்க, ஹக்கீம் வாரிக்னு ஒரு நெட்டையன் உள்ள இருந்து ஒரே எட்டுல வந்து அத தட்டி விட்டான், 81-78, கப் சிரக்யூஸுக்கு. அந்த ப்ளொக்க கோர்ட்ல கத்துக்குடுக்க ஏலாது, அப்படி ஒருத்தன எடுத்து அந்த இடத்துல நிக்க வச்சா தான் உண்டு.

ஆர்கன்சாஸ் யுனிவர்சிட்டி கோச் நோலன் ரிச்சர்ட்சன் அதுக்கு நேர் எதிர். முழுக் கோர்ட்டுலயும் மட்ச் முழுக்க துரத்துறது, நாப்பது நிமிச நரகம்னே அதுக்கு பேர் வச்சிட்டாங்க, 1994ல டியூக்க 76-72ன்னு அடிச்சு கப் எடுத்தாங்க. அந்த ஆட்டத்துக்கு அஞ்சு ஸ்டார் இருந்தா காணாது, மாத்தி மாத்தி இறக்க ஒம்பது பத்து பேரோட கால் வேணும். அவருக்கு பெஞ்சுல இருக்க எட்டாவது ஆள் ரொம்ப முக்கியம், அதே ஆள் மெதுவா ஆடுற கோச்சுக்கு சும்மா துவாய் தூக்குறவன்.

இப்ப நம்ம கோச்சுக்கு வாறேன். அவர் ரெண்டு வருசமா போட்டுக்கிட்டு இருக்கது என்னன்னு யாராச்சும் உத்துப் பாத்தீங்களா? வேர்ஜீனியா யுனிவர்சிட்டில கோச் டோனி பென்னட் ஆட வச்ச பெக் லைன்ங்கிற டிபென்ஸ் தான் அது, அவரோட அப்பா டிக் பென்னட் உருவாக்குனது. கூடைல இருந்து சுமார் 16 அடில ஒரு கோடு இருக்கதா நினைச்சுக்கோங்க, த்ரீ பொயின்ட் கோட்டுக்கு உள்ளுக்கு. போல், அதான் பந்து, வச்சிருக்கவன ஒருத்தன் ஒட்டி நின்னு நெருக்குவான், மத்த நாலு பேரும் அந்தக் கோட்டுக்கு உள்ள கூடி நிப்பாங்க. எவனும் நடுவால புகுந்து கூடைக்கு கிட்ட போய் லே-அப் போட ஏலாது, புகுந்தா ரெண்டு மூணு பேர் நெஞ்சக் குடுப்பாங்க. போல் வெளிய பாஸ் ஆனா அந்த ஆள காக்குறவன் உள்ள இருந்து ஓடிப்போய் கடைசில சின்னச் சின்ன எட்டா வச்சு கைய தூக்கி நிக்கணும். கேக்க லேசு, செய்யுறது கொடும. நாலு பேர் சரியா நின்னு அஞ்சாவது ஆள் ஒரு செகண்ட் தூங்குனா சோலி முடிஞ்சிது.

என் மகன் அந்த அஞ்சாவது ஆள். நானே சொல்றேன்.

போன வருசம் கண்டில நடந்த ஒரு மட்ச்ச மருமகன் போன்ல எடுத்து வச்சிருந்தான், நாங்க தோத்த மட்ச், என் மகன் 22 பொயின்ட்ஸ் போட்ட மட்ச், அந்த ராத்திரி குரூப் முழுக்க அவன் போட்டோ தான். லிஸ்ட் வந்த கோவத்துல அந்த வீடியோவ எடுத்துப் போட்டு ஒரு கொப்பில கோடு கிழிச்சு எண்ணுனேன், கோச்சுட்ட போய் சண்டை பிடிக்க சாட்சி வேணும்ல. அவன் போட்டது ஒரு பக்கம், அவன் காக்க வேண்டிய ஆள் போட்டது, அவன் ஹெல்ப்புக்கு போகாததால வந்தது, அவன் சும்மா கைய நீட்டி தட்டி குடுத்த பவுல்ல வந்த ப்ரீ த்ரோ, இதெல்லாம் இன்னொரு பக்கம். மூணாவது குவாட்டர் முடியும்போது கொப்பிய மூடிட்டேன். அவன் குடுத்தது அவன் போட்டத தாண்டிருச்சு. பவுல் கணக்க நம்ம யாரும் பாக்குறதே இல்ல, நம்ம ஆடுற FIBA (சர்வதேச பாஸ்கட்போல் சங்கம்) ரூல்ல ஒரு குவாட்டர்ல டீம் பவுல் நாலு போனா அதுக்குப் பொறகு எதிர் ஆளுக்கு ரெண்டு ப்ரீ த்ரோ, ஒருத்தனோட கை அரிப்பு மத்த நாலு பேர் தலைலயும் விடியும்.

அவன் எடத்துக்கு வந்த பையன பத்தி தான் குரூப்ல என்னென்னவோ பேசுறீங்க. பொகவந்தலாவ பக்கம் தோட்டத்துல இருந்து பஸ் ஏறி வாற பையன், ஒல்லி, உயரமும் இல்ல, ஷொட்டும் பெருசா இல்ல. ஆனா கோர்ட்ல இறங்குனா வாய் மூடாது, "ஸ்க்ரீன் வருது, லெப்ட், நான் இருக்கேன், போ போ"ன்னு பின்னுக்கு இருந்து மத்தவங்கள நகத்திக்கிட்டே இருப்பான். வெளிய பாத்தா தலைய குனிஞ்சு போற புள்ள, கேள்வி கேட்டா கூட பதில் வராது. அந்தச் சத்தம் ஸ்கோர் ஷீட்ல எந்தக் கட்டத்துலயும் வராது.

வேர்ஜீனியாவும் இதத் தான் செஞ்சிச்சு. 2019 டீம்ல கிஹெய் கிளார்க்னு முதல் வருசப் பையன், 5 அடி 9 அங்குலம், அந்த உயரத்துல அங்க எவன் சீண்டுவான்? போல் கொண்டு வாறவன மூச்சு விட விடாம நெருக்குவான்னு தான் பென்னட் அவன ஆட விட்டாரு. பேர்டியூ யுனிவர்சிட்டி கூட ஆடுனப்ப மட்ச் கையவிட்டு போற நேரத்துல பின்னுக்கு ஓடிப்போன பந்த இவன் தான் எடுத்து தூரத்துல இருந்த தன்னோட டீம் ஆள் டியாகிட்டேக்கு எறிஞ்சான், அவன் போட்டது கூடைக்குள்ள போய் ஓவர் டைம் ஆச்சு, ஜெயிச்சாங்க.

இன்னொன்னும் சொல்லணும், எழுதவே கூச்சமா இருக்கு. "டவுன் பையன தூக்கிட்டு தோட்டத்துப் பையன போட்டுட்டாரு"ன்னு ஒருத்தர் வொயிஸ் அனுப்பியிருக்காரு, அதுக்கு கீழ நாலு பேர் கைதட்டுற படம். அண்ணே, உங்க தாத்தாவும் என் தாத்தாவும் எந்த பங்களால பொறந்தாங்க? எங்க அம்மா விடிய பேர் பதியுற பெரட்டுக்கு போய் கொழுந்து பறிச்சு தான் எனக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்தாங்க. கொழுந்து எடுக்குறவங்களுக்கு தராசு இருக்கு, கிலோ காணாட்டி அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் தான். தேயிலைச் செடிய கத்தரிச்சு கவ்வாத்து வெட்டுறவனுக்கு அந்தத் தராசு இல்ல. அவன் வெட்டிட்டுப் போன மலை மொட்டையா கிடக்கும், மாசக்கணக்குல கொழுந்து வராது, ஆனா அவன் வெட்டாட்டி நாலஞ்சு வருசத்துல செடி முத்திப் போய் ஒன்னுத்துக்கும் உதவாது. நீங்க கவ்வாத்துக்காரன கொழுந்துத் தராசுல ஏத்தி நிறுத்து அரைப் பேர் போடுறீங்க.

ஸ்கோரர் இல்லாம ஜெயிக்க ஏலாதுன்னு நீங்க சொல்றது முழுசா பொய்னு நான் சொல்ல வரல. 2025 பைனல் பாத்தேன், ஏப்ரல் 8 காலைல, வருசப்பொறப்புக்கு ஒரு வாரம் இருக்க. ஹூஸ்டன், கெல்வின் சாம்ப்சனோட டீம், டிபென்ஸ்ல அவங்கள அடிக்க ஆள் இல்ல, 12 பொயின்ட்ஸ் முன்னுக்கு இருந்தாங்க. கடைசில 65-63, புளோரிடா கப் தூக்கிட்டு போயிட்டாங்க, கடைசி போல்ல ஹூஸ்டனுக்கு ஒரு ஷொட் கூட எடுக்க முடியல. எனக்கு சாப்பாடு இறங்கல அன்னைக்கு. அதனால ஷொட் போடுறவன் வேணும் தான். ஆனா ஷொட் போடுறவனுக்கு காக்கக் கத்துக்குடுக்கலாம், அதுக்கு காலம் வேணும்.

அதே வேர்ஜீனியால டி'ஆண்ட்ரே ஹன்டர்னு ஒருத்தன், முதல் வருசம் ஒரு மட்ச் கூட ஆடல, 2016-17 முழுக்க பிராக்டிஸ் மட்டும் தான். அங்க அதுக்கு ரெட்ஷர்ட்னு சொல்வாங்க, ஒரு வருசம் ஒதுங்கி நின்னு படிச்சுட்டு வாறது. 2019 பைனல்ல டெக்சாஸ் டெக் கூட ஓவர் டைம்ல 85-77ன்னு ஜெயிக்கும்போது அவன் தான் 27 பொயின்ட்ஸ், அதோட எதிர் டீம் ஸ்டார் ஜாரட் கல்வர காத்ததுலயும் பெரிய பங்கு அவனுக்கு தான், கல்வர் 22 ஷொட் எறிஞ்சு 5 தான் போச்சு. இத மகனுக்கு காட்டுனேன். ஒன்னும் பேசல, ஆனா மறுபடி ஒருக்கா போட்டுப் பாத்தான்.

கோச்ச ரெண்டே வருசத்துல தூக்கணும்னு சொல்றவங்களுக்கு 2018 கதைய சொல்றேன். அந்த வருசம் வேர்ஜீனியா நம்பர் வன் சீட், அதாவது போட்டி வரிசைல ஆக மேல, யூ.எம்.பி.சி.ன்னு ஒருத்தருக்கும் தெரியாத சின்ன கொலேஜ் 16ஆவது சீட், ஆகக் கீழ, 74-54ன்னு அடிச்சு அனுப்பிட்டாங்க. அதுக்கு முந்தி ஆம்பிளப் பசங்க போட்டில 16ஆவது சீட்டுகிட்ட நம்பர் வன் சீட் 135 மட்ச்ல ஒன்னு கூட தோத்ததில்ல. கையெலும்பு ஒடஞ்சு ஹன்டர் அன்னைக்கு ஆடல, அது ஒரு காரணம், ஆனா ஒலகமே சிரிச்சிச்சு, இந்த டிபென்ஸ் செத்துப் போச்சுன்னாங்க. பென்னட் அத விடல, அடுத்த வருசம் தான் அந்த கப். அங்கயும் ஓல்ட் போய்ஸ் வட்ஸ்அப் குரூப் இருந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ. இப்ப அங்கயும் காலம் மாறிருச்சு, பசங்க வருசா வருசம் வேற கொலேஜுக்கு மாறலாம், யாரையும் ரெண்டு வருசம் வச்சு பழக்க ஏலாது, பென்னட்டே 2024 அக்டோபர்ல சீசன் தொடங்குற நேரத்துல போதும்னு விட்டுட்டாரு. நம்ம பையன்கள் தரம் ஆறுல இருந்து ஏ.எல் வரைக்கும் இங்கயே தான் இருக்காங்க, கொழும்புக்காரன் ஒருத்தர ரெண்டு பேர கொத்திட்டு போனாலும். பழக்குறதுக்கு நமக்கு இருக்க மாதிரி காலம் யாருக்கு இருக்கு?

இவ்வளவும் சொன்னதால நான் கோச்சுக்கு காவடி எடுக்குறேன்னு நினைக்காதீங்க. கோச் சேர், இது உங்களுக்கு. லிஸ்ட்ட நோட்டீஸ் போர்ட்ல ஒட்டிட்டு போயிட்டீங்க. என் புள்ள இண்டவல்ல எல்லாப் பயலும் பாக்க கீழ இருந்து மேல தேடி மேல இருந்து கீழ தேடி, பேர் இல்லாம வகுப்புக்கு திரும்பிப் போயிருக்கான். வீட்டுக்கு வந்து சப்பாத்த கட்டிலுக்கு கீழ தள்ளிட்டு நாலு நாள் பேசல. நீங்க எடுத்த முடிவு சரி, சொன்ன விதம் பிழை. அமெரிக்காவுல ஒரு பையன ஒரு வருசம் ஒதுக்குறதா இருந்தா அவன கூப்பிட்டு உக்கார வச்சு பேசித் தான் செய்வாங்க. அஞ்சு நிமிசம் தான் சேர். "உன் கால் நிக்குது, வாய் திறக்குறதில்ல, கைய நீட்டி பவுல் குடுக்குற, இது மூணையும் திருத்திட்டு அடுத்த தவணை வா"ன்னு சொல்லியிருந்தா இந்த பெட்டிஷனே வந்திருக்காது. அடுத்த முறை ட்ரயல் வைக்க முந்தி நீங்க என்ன டிபென்ஸ் ஆடுறீங்க, அதுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு தமிழ்ல ஒரு பக்கத்துல எழுதி புள்ளைங்க கைலயும் பெத்தவங்க கைலயும் குடுங்க. பன்னிரண்டு பேருக்கு வெளிய நிக்கிற பையன்களையும் பிராக்டிஸுக்கு வர விடுங்க, லிஸ்ட் போட்ட பொறகு கோர்ட் பக்கமே வராதன்னு சொன்னா அவன் எங்க போய் கத்துக்குவான்.

கொமிட்டிக்கும் ஓல்ட் போய்ஸுக்கும் நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. பிராக்டிஸ் முடிஞ்சு தோட்டத்துப் பையன்களுக்கு கடைசி பஸ் கிடைக்குறதில்ல, பாதி பேர் டிபென்ஸ் ட்ரில் தொடங்குற நேரம் பேக்க தூக்கிட்டு ஓடுறாங்க, டிரில் எப்பவும் கடைசில தானே. பேனருக்கும் டீஷர்ட்டுக்கும் சேக்குற காசுல கிழமைக்கு மூணு நாளைக்கு ஒரு வேன் பேசிக் குடுங்க. ரெண்டாவது கோர்ட். வைகாசில தொடங்குற மழை விடுறதுக்குள்ள சீமெந்துத் தரை முழுக்க பாசி, அதுல குனிஞ்சு பக்கவாட்டுல ஸ்லைட் பண்ணச் சொன்னா எந்தப் பையன் பண்ணுவான், இடுப்பு ஒடஞ்சுரும். நின்ன இடத்துல நின்னு ஷொட் மட்டும் அடிச்சுப் பழகுவான். என் மகனும் அப்படி வளந்தவன் தான்.

கூரை போடுற அளவுக்கு இப்ப காசு இல்லன்னு தெரியும். வாற ஞாயிறு காலைல ஏழு மணிக்கு நானும் மகனும் கோர்ட்டுக்கு போறோம், பாசி சுரண்ட. மம்பட்டி ரெண்டு, கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர் எல்லாம் நான் கொண்டு வாறேன். பொகவந்தலாவ பையனும் வாறேன்னு சொல்லியிருக்கான், மகன் தான் கோல் எடுத்து கேட்டான். பெட்டிஷன்ல கையெழுத்து போட்டவங்களும் வாங்க, தண்ணி அள்ள ஆள் காணாது. பழைய செருப்போட வந்துறாதீங்க, வழுக்கும்.