ஈறையும் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் வாரத்தில் ஐந்து நாள் ஏறி இறங்குகிறவன் நான். பதினோரு ஆண்டுகளாக உள்ள இனிப்பு நீர் (நீரிழிவு) நோய் அதனால்தான் கட்டுக்குள் நிற்கிறது என்று நம்பியிருந்தேன். சென்ற மாதம் கீழ்வரிசையில் முன்பற்கள் இரண்டு ஆட்டம் காணவே பல் கிளினிக்குக்குப் போனேன். அங்கு எடுத்த எக்ஸ்ரேயில், பல்லை இறுகப் பிடித்திருக்க வேண்டிய தாடை எலும்பு வேரின் பாதிவரை கரைந்திருப்பது தெரிந்தது. வலி ஒரு நாளும் இருந்ததில்லை. பிரஷில் தெரிந்த இரத்தத்தை, அழுத்தித் துலக்கியதால் வந்தது என்று எண்ணிப் பல ஆண்டுகள் கழுவிவிட்டிருக்கிறேன்.

படியேறி நடந்ததெல்லாம் வீண்தானா என்று பல் மருத்துவரிடம் கேட்டேன். வீண் இல்லை என்றார். பல்லில் படியும் பற்காரையில் தங்கும் கிருமிகளை எதிர்த்து உடல் கிளப்பும் அழற்சிதான் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டுகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இந்த அழற்சி மிகும், ஈறு புண்பட்டால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. தவறாத உடற்பயிற்சி இரண்டையும் ஓரளவு தணிப்பதால்தான், பயிற்சி செய்வோரிடம் ஈறுநோய் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் படிந்து இறுகிய காரையை எந்த நடையும் சுரண்டி எடுக்காது. அதற்குப் பல் மருத்துவர் கருவியால் காரையை அகற்றும் ஸ்கேலிங்தான் வேண்டும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 302 விளையாட்டாளர்களின் வாயைச் சோதித்தபோது, அத்தனை கட்டுடல் கொண்டவர்களிலேயே 76 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சி இருந்தது. மலையிறங்கியதும் கட்டிப்பால் ஊற்றி இழுத்து ஆற்றிய தேநீரான தே தாரிக்கை நாள்தோறும் குடித்துவந்த எங்கள் நடைக் குழுவுக்கு இதைச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை.

இத்தனை ஆண்டுகளாக இனிப்பு நீர்ப் பரிசோதனைக்குப் போன இடத்தில் என் கண்ணைப் பார்த்தார்கள், பாதத்தைப் பார்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னவர் எவருமில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசிய இந்தியர்களில் வயதுவந்தோருள் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. கரைந்த எலும்போ தானாக வளர்வதில்லை. ஆகவே, கோயில்களும் இயக்கங்களும் நடத்தும் மருத்துவ முகாம்களில் விரல் நுனியில் இரத்தம் எடுக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே ஈறைப் பார்க்க ஒரு பல் மருத்துவரையும் அமர்த்துமாறு ஏற்பாட்டாளர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
பினாங்கு