மணிக்கணக்கு போதாது, டிகிரிக்கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூடான பானம் எடுத்துச் செல்லும் டிராவல் மக்குகளின் பெட்டியில் ‘6 மணி நேரம் சூடு’, ‘12 மணி நேரம் சூடு’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். எத்தனை டிகிரி சூடு என்று மட்டும் போடுவதில்லை. 12 மணி நேரம் கழித்து 45 டிகிரியில் கிடக்கும் காபியையும் ‘சூடு’ என்று சொல்லிவிடலாம், பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது. குடிக்கிறவர் வாய்க்குத்தான் அது வெதுவெதுப்பு. வாங்குபவர்கள் கடையில் எதைக் கேட்க வேண்டும், வாங்கியபின் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜப்பானில் விற்கும் வெற்றிடக் குடுவைகளின் உறையைப் பார்த்தால், மணிக்கணக்கோடு வெப்பநிலையும் இருக்கும். ஏறத்தாழ 20 டிகிரி உள்ள அறையில், குடுவை நிறைய வெந்நீர் ஊற்றி, அது 95 டிகிரியில் இருக்கும்போது கணக்கைத் தொடங்கி, நிமிர்த்தி வைத்து, 6 மணி நேரம் கழித்து இத்தனை டிகிரிக்குக் குறையாது என்று எழுதியிருப்பார்கள். இந்த ஒரே எண் கையில் இருந்தால் மற்றதையெல்லாம் நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உறையில் 65 டிகிரி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அறையைவிட 75 டிகிரி அதிகம். 6 மணி நேரம் கழித்து 45 டிகிரி அதிகம். அதாவது வித்தியாசத்தில் 0.6 பங்கு மிஞ்சுகிறது. பானம் எந்தச் சூட்டில் தொடங்கினாலும் இந்தப் பங்கு ஏறக்குறைய மாறாது. நாம் ஊற்றும் காபி பெரும்பாலும் 95-ல் இருப்பதில்லை, 80-ல்தான் இருக்கிறது. அப்படியானால் வித்தியாசம் 60, அதில் 0.6 பங்கு 36, அறையின் 20-ஐச் சேர்த்தால் 56 டிகிரி. பாதி மட்டும் ஊற்றினால் கதையே வேறு. வெப்பம் வெளியேறும் வழிகள் அதே அளவுதான், தேங்கியிருக்கும் வெப்பமோ பாதி. ஆறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, 0.6 என்பது 0.36 ஆகிவிடுகிறது. 95-ல் ஊற்றியதே 47-க்கு வந்து நிற்கும். ‘பெரியதாக வாங்கிவிட்டால் நல்லது’ என்று 600 மி.லி. மக் வாங்கி அதில் 250 மி.லி. ஊற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றம் வருவது இதனால்தான். எவ்வளவு குடிப்போமோ அந்த அளவுக்கு வாங்க வேண்டும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவருக்கு ஒரு பெரிய மக்கைவிட இரண்டு சிறியவை மேல், இரண்டாவது திறக்கப்படாமல் நிறைந்தே இருக்கும்.

வெப்பம் எங்கே போகிறது என்று தெரிந்தால் தேர்வு எளிது. 1892-ல் ஜேம்ஸ் டூவர் லண்டனில் வெற்றிடக் குடுவையைச் செய்தது திரவமாக்கிய வாயுக்களை ஆவியாகாமல் வைத்திருப்பதற்கு. அதே ஏற்பாடுதான் இன்றைய மக்கிலும் இருக்கிறது. இரண்டு சுவர்கள், நடுவில் காற்று இல்லை, ஆகவே சுவர் வழியாக வெப்பக் கடத்தலும் இல்லை, வெப்பச் சலனமும் இல்லை. கதிர்வீச்சாகப் போவதைக் குறைக்க நல்ல மக்குகளில் உள்சுவரின் மறைவான பக்கத்தில் செம்பு அல்லது அலுமினியப் படலம் இருக்கும். பக்கச் சுவரை இப்படி அடைத்தபின் மிஞ்சுவது கழுத்தும் மூடியும்தான். இரண்டு சுவர்களும் ஒட்டுவது கழுத்தில், அங்கே உலோகம் வழியாகவே சூடு ஏறி வெளியே வருகிறது. மூடியோ பெரும்பாலும் ஒற்றை பிளாஸ்டிக் தகடு. ஆகவே கடையில் உடலைத் தட்டிப் பார்ப்பதைவிட மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஓரிரு அங்குலம் உள்ளே இறங்கும், நடுவில் வெற்றிடமோ நுரையோ அடைத்த தடித்த மூடி இருந்தால் நல்லது. வாய் அகலம் கூடக்கூட இழப்பும் கூடும். ஆனால் கையோ பிரஷ்ஷோ நுழையாத குறுகலான வாயும் வேண்டாம், பால் கலந்த பானத்துக்கு அது நாற்றத்தில்தான் முடியும்.

குடிக்கும் துளையைத் திறந்தே வைத்துக்கொண்டு ‘மக் சரியில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.3 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அது 300 மி.லி. பானத்தில் 1.8 டிகிரியைப் பறித்துவிடும். வெற்றிடம் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் ஆவிக்குப் பதில் சொல்ல முடியாது.

பெட்டியில் ‘இரட்டைச் சுவர்’ என்று மட்டும் இருந்து ‘வெற்றிடம்’ என்ற சொல் இல்லையென்றால், நடுவில் இருப்பது வெறும் காற்று என்றே கொள்ளுங்கள். கை சுடாது, அவ்வளவுதான். பானம் சீக்கிரம் ஆறிவிடும். வாங்கி வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். கொதிநீர் ஊற்றி மூடி, 10 நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தடவிப் பாருங்கள். கழுத்தை ஒட்டி விரற்கடை அளவு சூடாக இருப்பது இயல்பு. அதற்குக் கீழே எங்கும் சூடு தெரியக் கூடாது. உடல் முழுக்கச் சூடானால் வெற்றிடம் போய்விட்டது, அதைப் பழுதுபார்க்க வழியில்லை, மாற்றித் தரச் சொல்ல வேண்டியதுதான். ஒரே இடத்தில் மட்டும் சுட்டால் சுவர் நசுங்கி உள்சுவரைத் தொடுகிறது என்று அர்த்தம். கீழே போட்டு நசுங்கிய மக்குக்கும் இதே சோதனைதான்.

எஃகு பற்றிக் கொஞ்சம். பானம் தொடும் சுவர் 304 ரகமா என்று பாருங்கள். 18/8 என்று எழுதுவதும் அதைத்தான்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், விலை குறையும், துருவும் சீக்கிரம் வரும். 316-இல் மாலிப்டினம் இருப்பதால் உப்பையும் தாங்கும், ஆனால் தேநீருக்கும் காபிக்கும் 304 போதும். காந்தம் வைத்து ஒட்டவில்லை என்றால் நல்ல எஃகு என்று சொல்வதை நம்ப வேண்டாம். 201-உம் பெரும்பாலும் ஒட்டாது; 304 கூட வளைத்து இழுத்த இடங்களில் இலேசாக ஒட்டும்.

அடிப்பகுதியைப் பற்றி வாசகர்களுக்குப் பயமும் குழப்பமும் இருக்கிறது. காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய துளையை அடைக்கச் சில தயாரிப்பாளர்கள் ஈயம் கலந்த சிறு பற்றுப்பொட்டை வைத்து, அதன்மேல் எஃகு வில்லையைப் பொருத்துகிறார்கள். அது பானத்தைத் தொடுவதில்லை. வில்லை கழன்று விழுந்தால் மட்டும் அந்த மக்கைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள் கையில் தரவே கூடாது. ஈயமில்லாத முறையில் அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அதைப் பெட்டியிலேயே சொல்லிவிடுவார்கள்.

கசிவு விஷயத்தில் சொல் ஏமாற்றும். ‘சிந்தாது’ என்றால் குலுங்கினால் தெறிக்காது என்று பொருள். பைக்குள் படுக்கவைக்கலாம் என்று பொருளல்ல. மேலே ஒரு தகட்டைத் தள்ளித் திறக்கும் மூடிகள் பெரும்பாலும் இந்த வகைதான். படுக்கவைக்க வேண்டுமானால் திருகுமூடியோ, பூட்டு வைத்த பொத்தான் மூடியோ, வாஷரோடு இறுகும் மடக்குமூடியோ வேண்டும். தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் காகிதத்தின்மேல் 10 நிமிடம் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த நீரில் தேறியது சுடுநீரில் தேற வேண்டும் என்பதில்லை: உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் சூட்டில் அழுத்தம் கூடி வாஷரின் இடுக்கு வழியே நீரைத் தள்ளும். எனவே சுடுநீரிலும் ஒருமுறை, தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு. அதே அழுத்தம்தான் மடக்குமூடியைத் திறக்கும்போது துளையிலிருந்து பீய்ச்சி அடிக்கிறது. விளிம்புவரை ஊற்றாமல், மூடி உள்ளே இறங்கும் ஆழத்தையும் அதற்குக் கீழே ஒரு செ.மீ.யையும் விடுங்கள். திறக்கும்போது முகத்துக்கு நேரே வேண்டாம். முதலில் சற்றே நெம்பி ஆவியைப் போக விட்டுவிட்டு அப்புறம் முழுக்கத் திறக்கலாம். ஆறிய பிறகு இதற்கு நேர்மாறாக உள்ளே அழுத்தம் குறைந்து மூடி இறுகிக்கொள்ளும். முறுக்கிப் போராடுவதைவிடக் குடிக்கும் துளையைத் திறந்து காற்றை உள்ளே விடுவது சுலபம்.

முன்கூட்டியே கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துச் சூடாக்கும் பழக்கம் நல்லதுதான், ஆனால் அதன் பலனை மிகைப்படுத்துகிறார்கள். மெல்லிய எஃகு உள்சுவர் பறிக்கும் சூடு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இராது. தடித்த பீங்கான் உள்சுவர் என்றால் நிறையவே பறிக்கும், அதற்குக் கட்டாயம் வேண்டும். உண்மையான நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. 92 டிகிரியில் இருக்கும் 300 மி.லி. காபியில் 5 டிகிரியில் இருக்கும் 50 மி.லி. பாலை ஊற்றினால் நொடியில் 80-க்கு வந்துவிடும். பாலைச் சுடவைத்துச் சேர்த்தால், எந்த விலையுயர்ந்த மக்கும் தராத 10 டிகிரிக்கு மேல் கையில் மிஞ்சும்.

இனி எதிர்ப்பக்கம். நல்ல மக்கின் குறையே அதன் நல்ல குணம்தான்: ஆற விடாது. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதை, புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சேர்த்தது, பாதிக்கப்படுவது உணவுக்குழாய். மேலே கணக்கிட்ட மக்கில் 95-ல் ஊற்றி மூடினால் 65-க்கு இறங்க 6 மணி நேரம் ஆகும். உடனே குடிக்கப்போகிறவர் மூடியைத் திறந்து வைத்து, சமையல் தெர்மாமீட்டர் 65 காட்டியபின் மூடினால், குடிக்கும் பதத்திலேயே வெகுநேரம் நிற்கும். 60 டிகிரி நீர் தோலில் சில நொடிகளில் ஆழமான புண்ணை உண்டாக்கும் என்பதால், வண்டி ஓட்டும்போது துளை அகலமான மூடி வேண்டாம்.

தேயிலையைப் பையோடோ வடிகட்டியோடோ உள்ளேயே விட்டால் சூடு குறையாததால் சாறு இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் கைப்பு ஏறிவிடும். வடித்து ஊற்றுங்கள்.

பால் கலந்த பானத்தில் கண்டிப்பு வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே, 5 டிகிரிக்கு மேலே கிருமிகள் பெருகும். கொதிக்க வைத்தாலும் சாகாத கிருமி வித்துகள் பாலில் இருக்கும். மக் 45, 50 டிகிரியில் மணிக்கணக்காகப் பிடித்து வைத்திருப்பது அவற்றுக்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பது போல. 60-க்குக் கீழே இறங்கிய 2 மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள், அல்லது கொட்டிவிடுங்கள். மிச்சத்தை மூடி மறந்துவிட்டால் புளித்து வாயு சேர்ந்து, திறக்கும்போது மூடி தெறிக்கும். சோடா, உலர்பனி எதையும் இதில் அடைக்கக் கூடாது. மைக்ரோவேவிலும் அடுப்பிலும் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாலும், சொல்லிவிடுகிறேன்.

நாற்றம் வருவது உடலிலிருந்து அல்ல, மூடியிலிருந்து. சிலிக்கோன் வாஷரின் பள்ளத்தில் பால்கொழுப்பு தங்கும். பொத்தான் மூடியில் ஸ்பிரிங்குக்குப் பின்னாலும் தங்கும். பிரித்துக் கழுவ முடியாத பொத்தான் மூடியை, பால் சேர்ப்பவர்கள் வாங்கவே வேண்டாம். வாஷரைப் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் நெம்பி எடுங்கள்; கத்தி வெட்டிவிடும், பிறகு கசிவுதான். வெறும் வாஷரை மட்டும் 5 நிமிடம் நீரில் கொதிக்கவிட்டால் மணம் போகும். திரும்ப மாட்டும்போது வாஷரின் உதடு போன்ற விளிம்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் வர வேண்டும். ‘திடீரென்று ஒழுகுகிறது’ என்ற புகார்களில் பல, கழுவிவிட்டுத் தலைகீழாக மாட்டியதால் வருவது.

பழுப்புக் கறைக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் சுடுநீரும் ஊற்றி அரைமணி நேரம் வைக்கலாம். பிடிவாதமான கறைக்கு, அரை லிட்டர் சுடுநீரில் ஒரு தேக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் தூள். இது ஆக்சிஜனை விடும், ஆகவே மூடவே கூடாது. வெள்ளைப் படிவும் சிவப்புப் புள்ளிகளும் நீரிலிருந்து வந்த உப்பும் இரும்புமாக இருக்கும். அதற்குச் சோடா போன்ற காரப் பொருள் வேலை செய்யாது, ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு வினிகர் வேண்டும். குளோரின் பிளீச் எஃகைக் குழிகுழியாக அரிக்கும். அதை வினிகரோடு சேர்த்தால் நச்சு வாயுவும் கிளம்பும். கம்பி நார் வேண்டாம். மக் முழுவதையும் நீரில் ஊறப்போட வேண்டாம்; அடிவில்லையின் இடுக்கில் நீர் புகும். கழுவியபின் மூடாமல் கவிழ்த்து உலர்த்துங்கள்.

சுவர் பல ஆண்டுகள் தாங்கும். வாஷர் அவ்வளவு தாங்காது. இறுகி, வெடித்து, அல்லது பிசுபிசுத்துப் போகும். அப்போது தனி வாஷர் கிடைக்காததால் நல்ல மக்குகள் குப்பைக்குப் போகின்றன. ஆகவே வாங்குமுன் அந்த மாடலுக்கு வாஷரும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். தயாரிப்பாளர்கள் மூடியின் உட்புறத்தில் வாஷரின் அளவைப் பொறித்துவிட்டால் கடைக்காரருக்கும் வேலை மிச்சம். பெட்டியின்மேல் ‘12 மணி நேரம்’ என்று அச்சிடும் இடத்தில் தொடக்கச் சூடு, அறைச் சூடு, 6 மணி நேரத்துக்குப் பின் உள்ள சூடு ஆகிய மூன்று எண்களையும் போட வேண்டும் என்று தரநிர்ணயம் செய்பவர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியே வேண்டுகோள் வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்